ஒரே கார், 17 மார்க் வித்தியாசம்: கிளாசிக் கார் நடுவர்கள் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்?

ஹெரால்டு948 (சென்னை)

என்னுடையது 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. நாலு கதவு வண்டி. அப்பா வாங்கியது. சித்தப்பா ஓட்டினார். அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஊரில் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. நான் எடுத்து வந்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் நான் ஏறாத கடை இல்லை.

டிசம்பரில் ஒரு ஷோவில் நிறுத்தினேன். 100-க்கு 91. பிப்ரவரியில் வேறொரு ஊரில் இன்னொரு ஷோ. 100-க்கு 74. இரண்டு மாத இடைவெளியில் காருக்கு நான் செய்தது ஒரு வாட்டர் வாஷ், ஒரு ஆயில் சேஞ்ச், அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் மார்க் ஷீட் ஒரே மாதிரி: வெளிப்புறம் 25, உட்புறம் 20, எஞ்சின் 20, சேசிஸ் 15, ஒரிஜினாலிட்டி 20. இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்காத தன்னார்வ நடுவர்கள்தான்.

பிப்ரவரி ஷீட்டைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரிஜினாலிட்டியில் 6 மார்க் வெட்டி, "நான்கு கதவு, பாடி மாற்றம்" என்று எழுதியிருக்கிறது. ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. அங்கே கடைசிவரை இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு 1968-ல் நம்ம வண்டலூர் ஃபேக்டரியில் நம்ம ஆட்கள் செய்தது. உலகத்தில் வேறெங்கும் செய்யாதது. எதற்காக இந்தக் காரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேனோ அதற்கே மார்க்கை வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று பெயின்ட். டிசம்பர் நடுவர் "ஃபினிஷ் அருமை" என்று ஒரு மார்க்கைக்கூட எடுக்கவில்லை. பிப்ரவரி நடுவர் "க்ளியர் கோட் அடித்திருக்கிறது, அந்தக் காலத்துப் பெயின்ட் இல்லை" என்று 4 எடுத்துவிட்டார். மீதி 7 எஞ்சினிலும் சேசிஸிலும் போயிருக்கிறது.

கோப்பை எனக்கு வேண்டாம். என் கார் 91-ஆ 74-ஆ என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருக்க முடியாதே.

---

ஷெட்காரர் (ஆவடி)

தம்பி, நாலு கதவு விஷயத்துல நடுவர் செஞ்சது தப்பு. அதுல ரெண்டு பேச்சுக்கு இடமில்ல. வண்டலூர் வண்டி தெரியாதவர் ஹெரால்டு பக்கம் ஷீட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாது.

மத்ததை நான் ஒத்துக்க மாட்டேன். இருபது வருஷத்துக்கு மேல நடுவரா நின்னிருக்கேன். ஒரு ஷோன்னா எப்படி இருக்கும்னு சொல்றேன். நாப்பது வண்டி. நடுவர் மூணு பேர் இல்லன்னா நாலு பேர். ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு பன்னெண்டரைக்குள்ள முடிக்கணும், ஒரு மணிக்குப் பரிசு கொடுக்க விஐபி வந்துடுவார். ஒரு வண்டிக்கு அஞ்சு நிமிஷம். காலையில முதல் வண்டியைக் குனிஞ்சு பார்த்த முதுகு முப்பதாவது வண்டிக்குக் குனியாது. பெட்ரோல் காசு நம்மளோடது. மதியச் சாப்பாடு ஒரு பொட்டலம்.

இதுக்கு வர்றவன் வண்டி மேல இருக்கிற பாசத்துலதான் வர்றான். அவன்கிட்டப் போய் "ஏன் 4 மார்க் எடுத்தே, எழுத்துல கொடு"ன்னு நின்னா அடுத்த வருஷம் வரமாட்டான். அப்புறம் யாரை வெச்சு மார்க் போடுவீங்க? ஸ்பான்சர் கம்பெனி மேனேஜரை வெச்சா?

பெயின்ட் பத்தி: பிப்ரவரி நடுவர் பண்ணதுதான் சரி. 1969-ல டூக்கோங்கிற அந்தக் காலத்துப் பெயின்ட் அடிச்சு, கையால காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சு எடுத்த மினுமினுப்பு வேற. இன்னிக்கு பியூ பெயின்ட் அடிச்சு மேல க்ளியர் கோட் விட்டா வர்ற கண்ணாடிப் பளபளப்பு வேற. ஃபேக்டரி விட்டு வந்த அன்னிக்கு உங்க அப்பா கார் இப்படிப் பளபளத்திருக்காது.

---

மஞ்சள்பத்மினி (காஞ்சிபுரம்)

நான் மேல்நிலைப்பள்ளி ஆசிரியை. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பல வருஷமாகப் போகிறேன். வீட்டில் அப்பாவின் பிரீமியர் பத்மினி இருக்கிறது. அதனால் இந்தச் சண்டை எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது.

ஷெட்காரர் சார், நேரம் இல்லை, வெயில், சம்பளம் இல்லை என்று நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அதெல்லாம் மார்க் ஏன் தப்பாகிறது என்பதற்குக் காரணம். தப்பான மார்க் நிற்கலாம் என்பதற்குக் காரணம் ஆகாது. திருத்தும் முகாமிலும் கட்டுக்கட்டாகத் தாள் வரும், கை வலிக்கும், மின்விசிறி ஓடாது. அதற்காகத்தான் முதல் நாள் எல்லோரையும் உட்காரவைத்து விடைக்குறிப்பைப் படிக்கச் சொல்வார்கள். "இந்தப் படிநிலைக்கு அரை மார்க், இது இல்லாவிட்டால் இவ்வளவு" என்று முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை மறுபடி திருத்திப் பார்ப்பார். மாணவர் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். கேட்பதால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனதில்லை.

கார் ஷோவில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? ஷீட்டைக் கெஞ்சித்தானே வாங்க வேண்டியிருக்கிறது?

---

ஷெட்காரர் (ஆவடி)

டீச்சரம்மா, கணக்குத் தாளுக்கு விடைக்குறிப்பு உண்டு. ஹெரால்டுக்கு ஏது? கம்பெனியே மூடிப்போச்சு. எந்த வருஷம் எந்த ரெக்ஸின் போட்டாங்க, எந்த ஸ்க்ரூ போட்டாங்கன்னு எழுதி வெச்ச தாள் யார்கிட்ட இருக்கு? அந்தக் காலத்துல லைன்ல எந்தப் பார்ட் கைக்கு வந்துச்சோ அதை மாட்டி வண்டியை வெளியே தள்ளினாங்க. ஒரே மாசத்துல வந்த ரெண்டு வண்டியில ரெண்டு விதமா லைட் இருந்ததை நானே பார்த்திருக்கேன். இதுல எது விடை, எது பிழை?

---

டெட்ராய்ட்வாசி (மிச்சிகன்)

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், அப்படியே காப்பியடிக்க அல்ல.

ஏஏசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் அமெரிக்கப் பழங்கார் சங்கம் 1935-ல் தொடங்கியது. அங்கேயும் நடுவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்தான். ஒவ்வொரு காரும் 400 மார்க்கோடு தொடங்கும். குறை கண்ட இடத்தில் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு குறைக்கும் அதிகபட்சம் எவ்வளவு கழிக்கலாம் என்று ஷீட்டிலேயே அச்சிட்டிருக்கும். முக்கியமானது இது: ஒரு நடுவர் ஒரு காரை முழுக்கப் பார்ப்பதில்லை. அந்த வகுப்பில் உள்ள எல்லாக் கார்களுக்கும் எஞ்சினை ஒருவரே பார்ப்பார், உட்புறத்தை இன்னொருவரே பார்ப்பார். வெளிப்புறம், சேசிஸ் எல்லாம் அப்படித்தான். டீமுக்கு ஒரு கேப்டன். நடுவர் கறாரானவராக இருந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு கறார், இளகியவராக இருந்தால் எல்லோருக்கும் ஒரே இளக்கம். ஆவடி சார் சொன்ன முதுகுவலியும்கூட எல்லோருக்கும் பங்காகிவிடும்.

நடுவராக வேண்டுமென்றால் அவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். அளவுகோல் ஒன்றுதான்: ஃபேக்டரியை விட்டு வெளிவந்தபோது கார் எப்படி இருந்ததோ அப்படி. அதைவிட அழகாக்கினால் கூடுதல் மார்க் கிடையாது. அதனால் பெயின்ட் விஷயத்தில் ஆவடி சார் பக்கம்தான் நான். ஹெரால்டு நண்பரே, மன்னியுங்கள்.

---

ஹெரால்டு948 (சென்னை)

மன்னிப்பெல்லாம் எதற்கு சார். க்ளியர் கோட் தப்பு என்றால் தப்பு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டிசம்பரில் அதே பெயின்டைப் பாராட்டினார்களே, அதைப் பார்த்துத்தானே பிப்ரவரிக்கு அப்படியே கொண்டுபோனேன்? இரண்டு பேரும் கழித்திருந்தால் அடுத்த வருஷம் பெயின்டை மாற்றியிருப்பேன். விதியைச் சொல்லாமல் தண்டனை மட்டும் கொடுத்தால் என்ன செய்வது?

இன்னொரு விஷயம் யாரும் பேசவில்லை. ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் சாயும். எஞ்சின், முன் சஸ்பென்ஷன், சேசிஸ் ஃப்ரேமின் முன்பாதி எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். பக்கத்தில் நிற்கிற அம்பாசடரின் சஸ்பென்ஷனைப் பார்க்க நடுவர் தரையில் படுக்க வேண்டும், யாரும் படுப்பதில்லை. கழித்துக்கொண்டே போகிற முறையில் எந்தக் கார் தன்னைத் திறந்து காட்டுகிறதோ அந்தக் காருக்குத்தான் அதிகம் கழியும். எனக்குப் போன 7 மார்க்கில் பாதி, அம்பாசடரில் கண்ணுக்கே படாத இடத்தில் இருந்த தூசுக்கும் கீறலுக்கும் போனது.

---

ஷெட்காரர் (ஆவடி)

இது நியாயமான பேச்சு. இருபது வருஷத்துல நான் இதை யோசிச்சதே இல்ல.

---

சுன்னாகம்மைனர் (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். மிச்சிகன் அண்ணை சொன்ன "ஃபாக்டரியை விட்டு வந்த மாதிரி" எண்ட கதையிலைதான் எனக்கு வயித்தெரிச்சல்.

எங்கடை வீட்டிலை ஒரு மொறிஸ் மைனர் நிக்குது. அப்பான்ரை. தொண்ணூறுகளிலை இஞ்சை பெற்றோல் வரவிடேல்லை. கார் எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினிலை பத்தாது. அதாலை ஒரு சின்னப் போத்திலிலை கொஞ்சம் பெற்றோல் வைச்சு, ரியூப்பாலை கார்புரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சின் ஒயிலுக்குள்ளை மண்ணெண்ணெய் கலக்கும், அடிக்கடி ஒயில் மாத்தோணும். அந்தக் காரிலைதான் என்ரை அக்காவைப் பிள்ளைப்பேறுக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனது.

அந்தப் போத்தில் கொழுவின கிளிப், ரியூப் போன ஓட்டை எல்லாம் இண்டைக்கும் காரிலை இருக்குது. ஒருக்கா ஒரு கண்காட்சியிலை நடுவரா வந்த ஐயா "இந்த ஓட்டையை அடைச்சு, கிளிப்பைக் கழட்டினால் மார்க் கூட வரும்" எண்டார். நான் அடைக்கேல்லை. அடைக்கவும் மாட்டன்.

மொறிஸ் மைனர் உலகம் முழுக்கக் கிடக்குது. 1948 தொடக்கம் 1971 வரை செய்தவை. ஒக்ஸ்ஃபோர்ட்டிலை இருந்து வந்த மாதிரி வேணுமெண்டால் இங்கிலாந்திலை நூறு பாக்கலாம். மண்ணெண்ணெய்க்கு மாத்தின மைனரை எங்கை போய்ப் பாப்பியள்?

---

டெட்ராய்ட்வாசி (மிச்சிகன்)

தம்பி, நீங்கள் சொல்வதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த ஓட்டையை அடைக்காதீர்கள்.

ஆனாலும் என் தரப்பைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் கிளிப்புக்கு மார்க் கொடுத்தால், போன வருஷம் ஏசி மாட்டி அலாய் வீல் போட்டவரும் "இதுவும் என் காரின் வரலாறு" என்பார். எங்கே கோடு போடுவீர்கள்? கோடு இல்லாத இடத்தில் நடுவரின் மனசுதான் விதி. ஹெரால்டு நண்பரின் புகாரே அதுதானே.

---

மஞ்சள்பத்மினி (காஞ்சிபுரம்)

கோடு போட்டவர்கள் இருக்கிறார்கள். ஃபிவா என்ற உலகப் பழவாகனக் கூட்டமைப்பு, வாகனத்துக்கு அடையாள அட்டை கொடுக்கும்போது, உள்ளபடியே இருப்பது ஒரு வகை, அந்தக் காலத்திலேயே மாற்றப்பட்டது வேறு வகை என்று பிரித்துத்தான் எழுதுகிறது. 2012-ல் அவர்கள் ஏற்ற டுரின் சாசனம், வாகனத்தில் பின்னால் ஏதாவது மாற்றினால் அது உறுத்தாமலும் திரும்பக் கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும் என்கிறது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கான 1964 வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்து எழுதியது அது. கோயில் கல்லை சாண்ட் பிளாஸ்ட் பண்ணிப் பளபளப்பாக்கினால் நாம் பதறுகிறோம் இல்லையா, அதே பதற்றம்தான்.

யாழ்ப்பாணத்துத் தம்பியின் கிளிப் எந்த ஆண்டில் யார் மாட்டியது, ஏன் மாட்டியது என்று சொல்ல முடிகிறது. அலாய் வீல்காரருக்கு அதைச் சொல்ல வாய் வராது. என் கோடு அங்கேதான்.

---

பெர்கின்ஸ்4 (மதுரை)

டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். எங்களிடம் பம்பாயில் பிரீமியர் அசெம்பிள் செய்த பிளைமவுத் இருக்கிறது. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது தாத்தா அதில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை இறக்கினார். அந்தக் காலத்தில் பெரிய அமெரிக்கக் கார் வைத்திருந்த ஏராளம் பேர் செய்தது அது. செய்திருக்காவிட்டால் எங்கள் வண்டி காயலான் கடைக்குப் போயிருக்கும். எந்த ஷோவிலும் எஞ்சின் பகுதிக்கு எனக்கு 20-க்கு 5-க்கு மேல் வந்ததில்லை. பானெட்டைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

---

ஷெட்காரர் (ஆவடி)

மதுரைக்காரரே, நான் உங்களுக்கு மார்க் போட்டிருந்தாலும் 5-தான் போட்டிருப்பேன். வரலாறு வேற, போட்டி வேற. உங்க தாத்தா கெட்டிக்காரர். ஆனா பக்கத்துல நிக்கிறவர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை அஞ்சு வருஷம் தேடி, அமெரிக்காவுல இருந்து பார்ட் வரவழைச்சுக் கட்டியிருக்கார். அவருக்கும் உங்களுக்கும் ஒரே மார்க்னா அவர் உழைப்புக்கு என்ன மரியாதை?

---

விஏநம்பர் (சேலம்)

இவ்வளவு குழப்பம் எதற்கு? 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கார், சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிய அளவில் மாற்றப்படாமல் இருந்தால் விண்டேஜ் என்று பதிவு செய்து விஏ நம்பர் கொடுக்கிறார்கள். விஏ நம்பர் இருந்தால் ஒரிஜினாலிட்டி 20-க்கு 20. முடிந்தது.

---

ஹெரால்டு948 (சென்னை)

முடியாது சார். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டி வாங்குகிற அந்த நம்பர், கார் இருக்கிறதா, அதே கார்தானா என்று பார்க்கிறது. சீட் ரெக்ஸின் சரியா, பெயின்ட் சரியா என்று ஆர்.டி.ஓ. பார்க்கப் போவதில்லை. போட்டிக்கு அது வாசற்படிதான்.

மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஷோவுக்குப் போனாலும் பெரிய கோப்பை பெரிய காருக்குத்தான் போகிறது. ராஜா வீட்டு ரோல்ஸ் வந்தால் அன்றைக்கு அதுதான் ஜெயிக்கும். ஏற்பாட்டாளரின் நண்பர் கார் வந்தால் அது இரண்டாவது. ஷீட்டில் எழுதாத ஒரு மார்க் எல்லா ஷோவிலும் இருக்கிறது.

---

ஷெட்காரர் (ஆவடி)

இதை மட்டும் சொல்லாதீங்க தம்பி. நான் நின்ன ஷோவுல என் சினேகிதன் வண்டி வந்தா ஷீட்டைப் பக்கத்துல இருக்கிறவர்கிட்டக் கொடுத்துட்டு விலகிடுவேன். பெரும்பாலானவங்க அப்படித்தான்.

---

மஞ்சள்பத்மினி (காஞ்சிபுரம்)

விலகியது யாருக்குத் தெரியும் சார்? உங்கள் மனசுக்குத் தெரியும், பக்கத்து நடுவருக்குத் தெரியும். வெயிலில் நின்ற நாற்பது பேருக்குத் தெரியாது. எங்கள் முகாமில் உறவினர் பிள்ளை தேர்வு எழுதினால் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் செய்த நல்ல காரியத்தையே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் ஹெரால்டு தம்பி இன்று இப்படி எழுதியிருக்க மாட்டார்.

பெரிய கோப்பை விஷயம் வேறு. அங்கே மார்க்கே வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் 1950-லிருந்து நடக்கும் பெபிள் பீச் போட்டியிலும் வகுப்புக்குள் முதலிடம் முடிந்த பிறகு, ஒட்டுமொத்தச் சிறந்த காரை நடுவர்கள் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ரசனை என்றால் ரசனை என்றே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ரசனைக்கு மார்க் வேஷம் போடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு யோசனை. வெறும் பேச்சில் இது தீராது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே காரை ஒரே ஷீட்டில் தனித்தனியாகத் திருத்திப் பார்ப்போமா? ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

---

ஷெட்காரர் (ஆவடி)

என் ஷெட்டுக்கு வாங்க. கஸ்டமர் ஒருத்தரோட 1964 அம்பாசடர் மார்க் 2 நிக்குது, அவர்கிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டார்.

---

மஞ்சள்பத்மினி (காஞ்சிபுரம்)

நேற்று நடந்தது. ஐந்து பேர்: ஷெட்காரர் சார், ஹெரால்டு தம்பி, நான், ஷெட்டில் வேலை பார்க்கும் மூத்த டிங்கர், பழைய கார் வைத்திருக்கும் இன்னொரு நண்பர். ஆளுக்கு இருபது நிமிடம். பேச்சே கிடையாது. ஷெட்காரர் சார் தரையில் படுத்துச் சேசிஸைப் பார்த்தார், எங்களையும் படுக்கவைத்தார்.

மொத்த மார்க்: 71, 74, 78, 83, 88. முதலுக்கும் கடைசிக்கும் 17 வித்தியாசம். ஹெரால்டு தம்பிக்கு விழுந்த அதே 17. தற்செயல்தான், ஆனாலும் எல்லோரும் ஒரு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வெளிப்புறம், உட்புறம், எஞ்சின், சேசிஸ் நான்கும் சேர்ந்து 80 மார்க். அதில் நாங்கள் போட்டது 65, 65, 66, 67, 69. கதவு இடைவெளி, மட்கார்டில் பட்டி வைத்த இடம், க்ரோமில் புள்ளி, டாப் துணியில் கறை, ஆயில் கசிவு எல்லாம் ஐந்து பேர் கண்ணிலும் ஒரே மாதிரி பட்டிருக்கிறது. டிங்கர் அண்ணன் கண்ணும் என் கண்ணும் இரண்டு மார்க்குக்குள் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மிச்சம் இருபது மார்க், ஒரிஜினாலிட்டி. அதில் போட்டது: 6, 9, 12, 16, 19.

காரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்திருக்கிறார்கள். ரேடியல் டயர். சீட் பெல்ட் மாட்டியிருக்கிறது. சீட் ரெக்ஸின் புதிது, நிறம் வேறு. இந்த நாலும் எல்லோருடைய தாளிலும் இருக்கிறது, யாரும் எதையும் கவனிக்காமல் விடவில்லை. 19 போட்டவர், பாதுகாப்புக்காக மாட்டியது, ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம், அதனால் கழிக்கவில்லை என்றார். 6 போட்டவர் நாலுக்கும் முழுக்கக் கழித்திருந்தார்.

---

ஹெரால்டு948 (சென்னை)

அந்த 6 நான் போட்டது.

பேர் எழுதாத தாளாக இருந்தாலும் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ரேடியல் டயரைப் பார்த்ததும் கை தானாகக் கழித்துவிட்டது. "என் காருக்கு நீ கழித்தாயே" என்ற கோபம் எனக்குள் இருந்திருக்கிறது. அம்பாசடரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டி வந்திருந்தால் 12-ஆவது போட்டிருப்பேன்.

---

டெட்ராய்ட்வாசி (மிச்சிகன்)

டீச்சர் கண்டுபிடித்ததை இங்கே ஒரு சங்கம் ஷீட்டிலேயே பிரித்து வைத்திருக்கிறது. கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்காக மட்டுமே 1974-ல் தொடங்கிய சங்கம், என்சிஆர்எஸ். மொத்தம் 4510 மார்க். பாகங்களுக்கு ஒரிஜினாலிட்டி ஒரு கட்டம், கண்டிஷன் ஒரு கட்டம் என்று தனித்தனியாக உண்டு. துருப்பிடித்த சரியான பாகத்துக்கு ஒரிஜினாலிட்டியில் முழு மார்க் கிடைக்கும், கண்டிஷனில் போகும். பளபளக்கும் தப்பான பாகத்துக்கு நேர் எதிர். எந்த வருஷக் காரில் எது இருந்திருக்க வேண்டும் என்று ஆண்டுவாரியாகக் கையேடு போட்டிருக்கிறார்கள். ஆவடி சார் "ஏது விடைக்குறிப்பு" என்று கேட்டாரே, அதை உறுப்பினர்களே பல வருஷம் கார் காராகப் பார்த்துச் சேர்த்தார்கள்.

---

ஷெட்காரர் (ஆவடி)

கார்வெட்டுக்குக் காசு இருக்கு, ஆள் இருக்கு. நம்ம ஊர்ல ஹெரால்டுக்கும் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் யார் உட்கார்ந்து எழுதுவாங்க? ஆனா ரெண்டு கட்டமாப் பிரிக்கிறதுக்குக் காசு வேண்டாம், ஒரு கோடு போட்டாப் போதும். அடுத்த ஷோவுல என் டேபிள்ல பிரிச்சுடறேன். வண்டிக்காரர் பழைய போட்டோ, கேட்டலாக், ஆர்.சி. புக் எது கொண்டு வந்தாலும் பார்ப்பேன். எனக்குத் தெரியாததுன்னா கழிக்க மாட்டேன், கேள்விக்குறி போடுவேன்.

அம்பாசடருக்கு நான் 16 போட்டேன். டீச்சரம்மா கேட்டாங்க, "மதுரை பெர்கின்ஸுக்கு 5, இந்த ஆல்டர்னேட்டருக்கு 16-ஆ, ரெண்டும் மாத்தினதுதானே"ன்னு. பதில் இல்ல எனக்கு. மதுரைக்காரரே, உங்க வண்டியைக் காலத்துல மாத்தின வண்டின்னு தனி வகுப்புல நிறுத்தினா வருவீங்களா? பெட்ரோல் எஞ்சின்காரரோட போட்டி போட வேண்டாம்.

இன்னொண்ணு. ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். ஹெரால்டு தம்பி, பிப்ரவரி ஷோவுல நடுவர் குழுவுல நானும் இருந்தேன். உங்க வண்டியை நான் பார்க்கல, நான் பைக் பக்கம் இருந்தேன். நாலு கதவுக்கு வெட்டினது நான் இல்ல. ஆனா கடைசியில எல்லா ஷீட்டும் ஒரு கட்டாக் கைக்கு வந்துச்சு. விஐபி வந்துட்டார்னு சத்தம் போட்டாங்க. படிக்காம வரிசையாக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போய் உங்க ஷீட்டை எடுத்துப் பாருங்க, கீழ மூணாவது கையெழுத்து.

---

ஹெரால்டு948 (சென்னை)

பார்த்தேன் சார். இருக்கிறது.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உங்கள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 6 மார்க்கைத் திருப்பிப் போட்டால் 80. எங்கள் வகுப்பில் மூன்றாம் பரிசு 79-க்குப் போயிருக்கிறது. ஏற்பாட்டாளர்களிடம் நீங்கள் சொல்வீர்களா?

---

ஷெட்காரர் (ஆவடி)

சொல்ல மாட்டேன் தம்பி. அந்த மூணாம் பரிசு வாங்கினவர் பேத்தியைத் தோள்ல வெச்சுக்கிட்டு கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அவர் என்ன தப்புப் பண்ணார்? ரெண்டு மாசம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுங்கன்னு என்னால நிக்க முடியாது. ஷோ முடிஞ்சா முடிஞ்சதுதான்.

---

மஞ்சள்பத்மினி (காஞ்சிபுரம்)

கோப்பையை யாரும் திருப்பிக் கேட்க வேண்டாம் சார். மார்க்கைத் திருத்துவது வேறு, கோப்பையை மாற்றுவது வேறு. மறுமதிப்பீட்டில் ஒரு பிள்ளைக்கு மார்க் ஏறினால் இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பிடுங்க மாட்டோம், மதிப்பெண் பட்டியலை மட்டும் மாற்றிக் கொடுப்போம். அந்த ஷீட்டில் "நான்கு கதவு வண்டலூர் தயாரிப்பு, 6 மார்க் சேர்க்கப்பட்டது" என்று எழுதி நீங்கள் மூன்று பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தம்பி கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

---

ஷெட்காரர் (ஆவடி)

என் கையெழுத்தை நான் போடறேன். மத்த ரெண்டு பேருக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஒருத்தர் ஏற்கெனவே "கேள்வி கேட்டா அடுத்த வருஷம் வரமாட்டேன்"னு போன்ல சொல்லிட்டார். நல்ல மனுஷன், பிரிட்டிஷ் வண்டி அவர் அளவுக்குத் தெரிஞ்சவர் இந்தப் பக்கம் யாரும் இல்ல. அவரை இழக்கிறதும் எனக்கு நஷ்டம்தான்.

---

ஹெரால்டு948 (சென்னை)

அவரிடம் ஷீட்டோடு போக வேண்டாம் சார். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நானே வருகிறேன், நீங்களும் கூட வாருங்கள். நாலு கதவையும் திறந்து காட்டுகிறேன். சேசிஸ் பிளேட்டையும், அப்பா 1969-ல் வாங்கிய பில்லையும் பார்க்கட்டும். கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

---

சுன்னாகம்மைனர் (யாழ்ப்பாணம்)

டீச்சர் அக்கா, அந்த ரெண்டு கட்டம் போட்ட ஷீட்டை எழுதி முடிச்சவுடனை இஞ்சையும் ஒருக்காப் போட்டுவிடுங்கோ. என்ரை கிளிப் எந்தக் கட்டத்துக்குள்ளை வருமெண்டு பாக்கோணும்.